'ஒன்றுமில்லை' என்று எழுதியவள்

லெக்கோ நகரத்தில் ஏரிக்கரையோரம் இருக்கும் ஒரு பாரில், மெட்சாக்கா என்கிற மலையூரின் பீரை வாங்கிய ஒருவன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமல் அதைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கடியில் குனிந்து தன் ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தானாம். பிறகு பக்கத்தில் இருந்தவனின் ஷூவையும் தூக்கிக் காட்டச் சொன்னானாம். இந்தக் கதையை மெட்சாக்கா ரொட்டிக்கடை மிரெல்லா தன் மருமகனிடமிருந்து கேட்டாள். மருமகன் தன்னோடு வேலை செய்கிறவனிடமிருந்து கேட்டான். அவனும் நேரில் பார்த்தவன் இல்லை. அப்படி மூன்று வாய் மாறி வந்த கதை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, ரொட்டி காகிதப் பைக்குள் இறங்குகிற நேரத்தில், ஒர்னெல்லாவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

"நான் சொல்லலைடி. சொன்னாங்கன்னு சொல்றேன்," என்றாள் மிரெல்லா.

"ஷூவைப் பார்த்தான்னா என்ன அர்த்தம்?"

"எனக்கென்ன தெரியும். நாய் எதையாவது போட்டு வச்சிருக்கும், மிதிச்சிருப்பான்."

"அப்ப நடுவுல பீரை ஏன் இழுக்கறே?"

"நான் எங்க இழுத்தேன்? அவன் இழுத்தான். எனக்கு ஒயின் போதும் தாயே. உன் தம்பி காய்ச்சற அந்தக் கசப்பை நாக்குல வச்சா மூணு நாளைக்கு என் ரொட்டி ருசி எனக்கே தெரியறதில்லை."

ஒர்னெல்லா பழக்கத்தில் சிரித்தாள். ஆனால் கடைக்கு வெளியே வந்து பாதித் தெரு நடப்பதற்குள் அந்த ஷூ சங்கதி பல்லிடுக்கில் சிக்கிய நார் போல உறுத்த ஆரம்பித்துவிட்டது.

காரணம் இருந்தது. அவள் தம்பி டிட்சியானோ அதே பீரை ஆறு பெட்டி வேனில் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தான். வழியில் இரண்டு மூன்று வேலைகளை முடித்துக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மிலானில் பெனாத்தி என்கிற மனிதர் முன்னால் பாட்டிலைத் திறக்க வேண்டும். நாற்பது பார்களில் எந்தக் குழாயில் எந்த பீர் வரவேண்டும் என்று முடிவுசெய்கிறவர் அவர். மெட்சாக்கா பீரை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கடைகள் வசந்தகாலத்திலேயே கையை விரித்துவிட்டன. மிச்சமிருந்த கதவு பெனாத்தி ஒருவர்தான். "அவரும் வேண்டாம்னுட்டா கிறிஸ்துமஸுக்குள்ள தொட்டிங்களை வித்துடறேன்க்கா," என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்று கேட்கிற குரலில் டிட்சியானோ சொல்லியிருந்தான்.

அந்த பீரோ, ஒர்னெல்லாவின் மூக்கு சரி என்று சொன்ன பிறகு வெளியே போன பீர்.

ஒர்னெல்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பதாவது வயதில் சீஸ் குகையில் வேலைக்குப் போனவள். வல்சாசினா மலையில் பாறை வெடிப்புகளிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வந்துகொண்டிருக்கும். அந்த வெடிப்புகளை ஒட்டிக் கட்டிய அறைகளில்தான் பள்ளத்தாக்கின் பாதிப் பிழைப்பு. மரப்பலகைகளில் சதுரச் சதுரமாக அடுக்கியிருக்கும் சீஸை ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, திருப்பி வைக்க வேண்டும். வாரம் முழுக்கத் துடைத்து முடித்தால் முதலில் துடைத்தது மறுபடி துடைக்கக் காத்திருக்கும். முப்பது வருடம் துடைத்தாள். உப்பில் விரல் ரேகைகள் தேய்ந்துபோய், புதிய அடையாள அட்டைக்காக நகராட்சிக்குப் போனபோது இயந்திரம் அவள் கையை ஏற்க மறுத்தது. "அம்மா, நீங்க யாருமில்லைங்குது இது," என்று அங்கிருந்த குமாஸ்தா சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு வந்தாள்.

குகையில் வேலை செய்தவர்களிடம் கெட்ட சீஸைச் சொல்லப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் இருந்தன. கசந்தது, ஊதியது, சோப்பு அடிப்பது, கோழிக்கூண்டு, ஈரச் சாக்கு. நல்ல சீஸுக்கு ஒரே வார்த்தைதான். 'நியெந்தே'. ஒன்றுமில்லை. சீஸின் தோலைப் புறங்கையால் தடவி, கையை மூக்கில் வைத்து, "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அது சந்தைக்குப் போகலாம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்தக் குகையில் இருந்ததில்லை.

நாற்பத்தொன்பது வயதில் இரண்டு முழங்காலும் ஈரத்தில் வீங்கி வேலையை விட்டபோது, டிட்சியானோ பழைய மர அறுவை ஆலையை வாடகைக்குப் பிடித்து பீர் காய்ச்ச ஆரம்பித்திருந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். அதுவரை ஊரார் நிலத்தை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் கழுவத்தான் அக்காவைக் கூப்பிட்டான். இரண்டாம் வருடம் ஒருநாள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன தொட்டியை அவள் முகர்ந்துவிட்டு, "வெண்ணெய் வருதுடா," என்றாள். ஒருவரும் நம்பவில்லை. பத்து நாள் கழித்து அந்த பீர் முழுக்க உருக்கிய வெண்ணெயாக நாறியது. அடுத்த வருடம் ஒரு குழாயில் துருவைக் கண்டுபிடித்தாள்.

அதன்பிறகு டிட்சியானோ ஒரு தாள் அச்சடித்தான். நிறம், நுரை, மணம், கசப்பு, குறை என்று கட்டங்கள். 'குறை' என்ற கட்டத்தில் அவள் 'நியெந்தே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பாட்டிலில் அடைக்கும் வேலை தொடங்கும். அவள் ஆயுளில் வேறெந்தத் தாளும் அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் டிட்சியானோ அவளைக் கூப்பிட்டு நிறுத்துவான். "இதுதான் எங்க ஆலையோட மூக்கு. எங்கக்கா," என்பான். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வருட பீருக்கு 'ஃபியாதோ' என்று பெயர் வைத்தார்கள். மூச்சு என்று அர்த்தம். பாறை வெடிப்பில் வருகிற அந்தக் குளிர்மூச்சு. பெயர் டிட்சியானோ வைத்தது. பீருக்கான சரக்கை அந்த மூச்சுக்குள் கொண்டுபோய்விட்ட யோசனை ஒர்னெல்லாவுடையது.

பீருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற பூ. அதை அரைத்து உருண்டைகளாக்கி, வெள்ளிநிறப் பைகளில் அடைத்து அமெரிக்காவிலிருந்து அனுப்புகிறார்கள். பையைப் பிரித்துவிட்டால் உறைகுளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணம் கெட்டுவிடும். ஜூலைக் கடைசியில் ஆலையின் குளிர்ப்பெட்டி செத்துப்போனது. பழுதுபார்க்கிறவனைக் கூப்பிட்டால் அவன் கடற்கரையில் படுத்துக்கொண்டு, "செப்டம்பர்ல பார்க்கலாம்," என்றான். ஆகஸ்டில் யாரைக் கூப்பிட்டாலும் அதே கடற்கரை, அதே பதில்.

"மேல குகை ஒண்ணு காலியாத்தானே கிடக்கு. அங்க கொண்டுபோய் வைடா," என்றாள் ஒர்னெல்லா.

"பையில மைனஸ்னு போட்டிருக்குக்கா."

"அமெரிக்காக்காரன் போட்டிருப்பான். அவன் நம்ம மலையைப் பார்த்திருக்கானா? எட்டு டிகிரி. ராத்திரி பகல் ஒரே மாதிரி நிக்கும். சீஸுக்கு ஆகுறது இலைக்கு ஆகாதா?"

"இலை இல்லக்கா, பூ."

"பூன்னா இன்னும் வசதி. கல்யாணத்துக்கு வாங்கற பூவை எங்க வைக்கிறோம்? அங்கதானே?"

டிட்சியானோ கொஞ்சம் தயங்கினான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். வாய் பிரித்த நான்கு பைகள் ஏழு வாரம் குகையில் இருந்தன. செப்டம்பரில் அவற்றைத் தொட்டியில் கொட்டுவதற்கு முன் அவன் ஒரு பையின் வாயை விரித்து அவளிடம் நீட்டினான். அவள் முகத்தை உள்ளே விட்டு மூன்றுமுறை இழுத்தாள். ஒன்றுமில்லை என்றாள். பத்து நாள் கழித்துத் தாளிலும் அதையே எழுதினாள்.

ரொட்டிக்கடையிலிருந்து நேராக ஆலைக்கு வந்த ஒர்னெல்லா ரொட்டியை மூலையில் போட்டுவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். மங்கிய பொன்னிறத்தில் ஏறி, மேலே இரண்டு விரல் நுரை நின்றது. நுரை அடங்கக் காத்திருந்து முகர்ந்தாள். முதலில் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் தெறிக்கிற சாறு வந்தது. பின்னால் பைன் மரத்துப் பிசின், மரம் அறுத்தவன் கையில் ஒட்டியிருப்பது போல. அதற்கும் அடியில் பழுத்த பழம் ஒன்று, பெயர் தெரியாதது. ஒரு மடக்கு எடுத்தாள். ரொட்டி மேல்தோலின் இனிப்பு நாக்கில் பட்டு நகர்ந்ததும் கசப்பு வந்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஏறி, பின்நாக்கில் சேர்ந்து, விழுங்கிய பிறகும் போகாமல் நேராக நின்றது.

நல்ல கசப்பு. அவளுக்குப் பிடித்த கசப்பு.

குறையைத் தேடினாள். புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். ஜன்னலருகே போய் முகர்ந்தாள். இன்னொரு பாட்டில் திறந்தாள். குகைக்கு ஏறிப்போய், காலியாகக் கிடந்த வெள்ளிப் பையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவளுக்குப் பயம் வந்தது. குறை இருந்து அவள் கண்டுபிடித்திருந்தால் அது பீரின் குறை. ஒருவன் குனிந்து ஷூவைப் பார்க்கும்படி ஏதோ இருந்து, அது அவளுக்குத் தெரியவில்லை என்றால்?

யாரிடம் கேட்பது? பாட்டில் அடைக்க வருகிற பெண்களும் உள்ளூர். ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் அவள் சொல்வதையே சொல்வார்கள்.

இரண்டேகால் மணிக்குத் தபால்காரர் வந்தார். பழைய தபால்காரர் இடுப்பு அறுவைக்குப் போனதால் இரண்டு மாதத்துக்கு மாற்றாக வந்தவர். தாராந்தோக்காரர், தெற்குக் கடல் ஊர். கோசிமோ என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"கோசிமோ, உள்ள வாங்க. ஒரு உதவி."

"டியூட்டில இருக்கேம்மா."

"குடிக்க வேண்டாம். மோந்து பார்த்தாப் போதும்."

அவர் கோப்பையை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். உடனே கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நாள் பூரா பூட்ஸ் போட்டு நடந்துட்டு வந்து சாக்ஸைக் கழட்டினா வருமே, அது. பின்னாடி ஆரஞ்சு மாதிரி நல்ல வாசனை ஒண்ணும் வருது. ஆனா முன்னாடி சாக்ஸ்தான் நிக்குது. இல்ல, சாக்ஸ்னுகூடச் சொல்ல வேண்டாம். சீஸ். பழைய சீஸ்."

ஒர்னெல்லா கோப்பையைத் திரும்ப வாங்கி வைத்தாள். அலமாரியிலிருந்து மே மாதத்து பீர் ஒன்றை எடுத்தாள். குளிர்ப்பெட்டி சாவதற்கு முன் காய்ச்சியது. மூன்று கோப்பைகளை எடுத்து, அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டில் பழையதையும் ஒன்றில் புதியதையும் ஊற்றினாள்.

"இதுல எது?"

அவர் மூன்றையும் முகர்ந்து நடுவில் இருந்ததைத் தொட்டார். சரி. கோப்பைகளை இடம் மாற்றினாள். இடது ஓரம் என்றார். சரி. மறுபடி மாற்றினாள்.

"நீங்க கஷ்டப்பட்டு மாத்தறீங்க," என்றார் கோசிமோ, "நான் கதவுக்கு வெளியே நின்னாலும் சொல்லிடுவேம்மா. மத்த ரெண்டும் நல்லாருக்கு. கசப்பா இருக்குமோ? ஆனா நல்ல வாசனை."

அவர் திரும்பி நிற்கும்போது அவளும் மூன்றையும் முகர்ந்து பார்த்தாள். மூன்றும் ஒன்றுபோல இருந்தன.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை," என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?" கோசிமோவுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. "நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், ரூம்ல எலி செத்துக் கிடக்குன்னு கட்டிலையெல்லாம் நகர்த்திப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவங்க வந்து நடுரூம்ல நின்னு, எந்த வாசனைன்னு கேட்டாங்க. பஸ்ல அதே, சர்ச்ல அதே, நான் கொண்டுபோற லெட்டர்லயும் அதே. போன மாசம் ஊருக்குப் போனேன். எங்கம்மா கட்டிப்பிடிக்க வந்தவங்க அப்படியே நின்னு, சட்டையை வாசல்லயே கழட்டிட்டு வாடான்னாங்க."

சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"என் மேலயும் வருதா?"

கோசிமோ பைக்குள் கையை விட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த கடிதங்களை மறுபடி அடுக்கினார். "அதை ஏம்மா கேக்கறீங்க," என்றார். "நல்ல மனசு உங்களுக்கு." மின்சார பில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஒர்னெல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையும் யோசிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் யோசனை எங்கோ தூரத்தில் போய் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தது. ரென்சோ. சவோனாவிலிருந்து லாரி ஓட்டி வந்தவன். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போவான். ஜனவரியிலும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுவான். கடல்காற்றில் வளர்ந்தவன், அப்படித்தான் பழக்கம் என்று நினைத்து, சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வசந்தத்தில் வருவது நின்றுபோனது. கடிதம்கூட இல்லை. அவள் என்ன தப்பாகப் பேசினாள் என்று பல வருடம் தனக்குள்ளே தேடியிருக்கிறாள். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கார்க் கண்ணாடியை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அது காரணமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி அதை யாரிடம் கேட்பது?

மணி இரண்டு நாற்பது. டிட்சியானோவைக் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுவான். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறையும் எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்று, 'திறக்காதே' என்று தட்டினாள். ஏன் என்று கேட்பானே. 'பீர் நாறுகிறது' என்று தட்டினாள். அவள் மூக்குக்குத் தெரியாததை அவள் எப்படிச் சொல்வது? 'தபால்காரர் சொன்னார்' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். வெண்ணெயைக் கண்டுபிடித்த, துருவைக் கண்டுபிடித்த மூக்கு, முப்பது வருடமாகத் தன்மேலேயே ஒட்டியிருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை என்று தம்பிக்கு எழுத அவளுக்குக் கை வரவில்லை. இந்த ஒரு தடவைதானா? வசந்தத்தில் நிறுத்திய கடைகளும் இதற்காகத்தான் நிறுத்தினவா? அவள் கையெழுத்துப் போட்ட தாள்கள் கோப்பு கோப்பாக அலமாரியில் இருந்தன. அவற்றில் எத்தனையை நம்புவது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணி தாண்டிய பிறகு, 'என்னைக் கூப்பிடு' என்று மட்டும் அனுப்பினாள்.

வெளியே ஓடையில் தண்ணீர் சத்தம். மே மாத பீரும் புதிய பீரும் மேசையில் நுரை அடங்கிக் கிடந்தன. பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தாள். எலுமிச்சை சோப்பு வாசனை வந்தது. அவளுக்கு அவ்வளவுதான் வரும். அடியில் என்ன இருக்கிறது என்பதை எதிரில் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

மூன்று இருபதுக்கு டிட்சியானோவிடமிருந்து செய்தி வந்தது.

'அக்கா, நீயே கூப்பிடச் சொன்னது நல்லதாப் போச்சு. பெனாத்தி ஒரு மடக்கு குடிச்சிட்டு வச்சிட்டார். சீஸ், காலுன்னு என்னென்னமோ சொல்றார். அவரோட ஆளுங்களும் ஆமாங்கறாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. என் அக்கா மூக்குல படாத குறை உலகத்துலயே கிடையாதுன்னு சொல்லிட்டேன். சரி, அவங்களையே கேப்போம்னு அவர் உக்காந்திருக்கார். ஸ்பீக்கர்ல போடறேன். நீ எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடு.'

அதைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. திரையில் டிட்சியானோவின் முகம், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது, சிரித்துக்கொண்டு.

குறை கிடையாது என்று சொன்னால் அவன் அந்த மேசை முன்னால் அக்காவின் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். பெனாத்தியும் அவர் ஆட்களும் அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். குறை இருக்கிறது, காரணம் நான்தான், எனக்கு அது தெரியவே தெரியாது என்று சொன்னால், இத்தனை வருடம் அவன் எதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டானோ அது அந்த மேசையிலேயே உடையும். இரண்டில் எதைச் சொன்னாலும் பெனாத்தி எழுந்து கோட்டை எடுத்துக்கொள்வார். ஆனாலும் அவளைத்தான் கேட்கிறார்கள். அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அடித்து நின்றது. பத்து விநாடிகூட இருக்காது, மறுபடி அடித்தது. ஒர்னெல்லா எழுந்து மேசையருகே போனாள். ஈரக்கையை நீட்டினாள். கை போனுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டது. கீழே தம்பியின் முகம் வெளிச்சத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.